நெடுங்கால் மஞ்சள் எறும்பு: இனங்காணலும் வகைப்பாடும் பெயர் வரலாறும் – கொங்கு வட்டாரக் களநோக்கு

ஆய்வுச்சுருக்கம்

2022-ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைப் பகுதியில் பெருகிய மஞ்சள் நிற எறும்புகள் தமிழ்நாட்டில் பெருங்கவனம் பெற்றன. அனோப்லோலெபிஸ் கிராசிலிப்பெஸ் என அடையாளப்படுத்தப்பட்ட அவ்வெறும்பு ‘அயலிலிருந்து வந்த ஆக்கிரமிப்பு எறும்பு’ என்றே செய்திகளில் அறிமுகமானது. அவ்வினத்தைப் பணியெறும்பின் புறவுறுப்புகளைக் கொண்டு இனங்காணும் முறை, வகைப்பாட்டில் அதன் இடம், அதன் அறிவியல் பெயர் மாறிய வரலாறு ஆகியவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. தென்னிந்திய எறும்புகள் பற்றி 1851-இல் சென்னையில் வெளிவந்த பட்டியலிலேயே இவ்வெறும்பு விவரிக்கப்பட்டிருப்பதால், ‘எங்கிருந்து வந்தது’ என்னும் வினாவைவிட ‘ஏன் இப்போது பெருகியது’ என்னும் வினாவே ஆய்வுக்குரியது என்பது கட்டுரையின் கருத்து. கொங்கு வட்டாரத்தில் இனங்காணலில் நேரக்கூடிய பிழைகளும் அவற்றின் விளைவுகளும் எடுத்துரைக்கப்படுகின்றன.

குறிச்சொற்கள்: எறும்பு வகைப்பாடு, இனங்காணல், அனோப்லோலெபிஸ் கிராசிலிப்பெஸ், பெயரீட்டு விதி, முயிறு, கொங்கு நாடு.

முன்னுரை

ஓர் உயிரினத்தைச் சரியாக இனங்காண்பதே அதைப் பற்றிய பிற எல்லா ஆய்வுகளுக்கும் முதற்படி. ஒரு பூச்சியின் உணவு, இனப்பெருக்கம், பகைவர், கட்டுப்படுத்தும் வழி ஆகிய அனைத்தும் அதன் பெயரின்கீழ்த் தொகுக்கப்படுகின்றன. பெயர் தவறினால் அத்தொகுப்பு முழுவதும் பயனற்றுப் போகும். எறும்புகளில் இத்தவறு எளிதில் நேர்கிறது. உருவிற் சிறியவை, எங்கும் காணப்படுபவை, நிறத்தால் ஒன்றையொன்று ஒத்தவை என்பதால் அவற்றை உற்றுநோக்காமலே பெயரிடும் பழக்கம் நிலவுகிறது. உலகில் விவரிக்கப்பட்ட எறும்புச் சிற்றினங்கள் பதினாலாயிரத்துக்கும் மேற்பட்டவை. இந்திய எறும்புகளுக்கென 2016-இல் வெளியிடப்பட்ட பட்டியல் 100 பேரினங்களைச் சார்ந்த 828 சிற்றினங்களையும் துணைச்சிற்றினங்களையும் தருகிறது. அவற்றுள் மேற்குத் தொடர்ச்சி மலையைச் சார்ந்தவை மிகுதி. மலையடிவாரத்தையும் வறண்ட சமவெளியையும் ஒருங்கே கொண்ட கொங்கு நாடு, ஈரக்காட்டு எறும்புகளும் வெட்டவெளி எறும்புகளும் அருகருகே வாழும் நிலப்பகுதியாகும்.

இப்பின்புலத்தில் மஞ்சள் நிறமும் நீண்ட கால்களும் கொண்ட ஒரு வெப்பமண்டல எறும்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இனங்காணலின் படிநிலைகளும் அவற்றின் நடைமுறைப் பயனும் ஆராயப்படுகின்றன.

கரந்தமலை நிகழ்வு

திண்டுக்கல் மாவட்டம் நத்தம் வட்டாரத்தில் அமைந்தது கரந்தமலைக் காப்புக்காடு. 2022 ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் அம்மலையைச் சூழ்ந்த ஏழு சிற்றூர்களின் மக்கள் எறும்புப் பெருக்கத்தால் துன்புறுவதாகச் செய்திகள் வெளிவந்தன. மேய்ச்சலுக்குச் சென்ற மாடுகள், ஆடுகள் ஆகியவற்றின் கண்களை எறும்புகள் மொய்த்துப் பார்வையைக் கெடுத்தன எனவும், காட்டுக்குள் நின்றால் சற்று நேரத்தில் உடல் முழுதும் ஏறின எனவும், தோலில் அரிப்பும் கொப்புளமும் தோன்றின எனவும் ஆயர்களும் உழவர்களும் தெரிவித்தனர். சிலர் மலைக்கு அருகிலிருந்த தம் மேய்ச்சற் குடியிருப்புகளை விட்டு வெளியேறினர். எறும்பியல் அறிஞர்கள் அவற்றை அனோப்லோலெபிஸ் கிராசிலிப்பெஸ் என அடையாளப்படுத்தினர். உலகின் மிகக் கொடிய 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் எனப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர் குழு தொகுத்த பட்டியலில் இடம்பெற்ற இனம் அது.

இவ்வெறும்புக்குக் கொடுக்கு இல்லை. வயிற்றின் நுனியிலுள்ள துளை வழியாக ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சுகிறது. அமிலத்தின் அளவு சிறிதே எனினும் ஆயிரக்கணக்கான எறும்புகள் ஒருசேரப் பீய்ச்சும்போது கண்ணின் மென்படலம் புண்ணாகிறது. கட்டியிருக்கும் கால்நடை, புதிதாய்ப் பிறந்த கன்று, முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு ஆகிய, விலகி ஓட இயலாத உயிர்களே இதனால் பெரிதும் பாதிப்புறுவன. ஆகவே கரந்தமலை மக்கள் கண்ட விளைவு அவ்வினத்தின் உடலமைப்போடு பொருந்துகிறது.

தமிழ் வழக்கில் எறும்பு வகைகள்

அறிவியல் வகைப்பாட்டிற்குள் நுழையுமுன் தமிழ் வழக்கிலுள்ள பாகுபாட்டை நோக்குதல் பயனுடையது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் பகுக்கையில் எறும்பைச் சிதலுடன் சேர்த்து மூவறிவுடையதாக வைக்கிறது. தொடுதல், சுவைத்தல், முகர்தல் ஆகியன அம்மூவறிவு. இதனை இக்கால உயிரியலின் முன்னறிவிப்பாகக் கொள்ளுதல் பொருந்தாது. எறும்புகளுள் பெரும்பாலானவற்றுக்குக் கண்கள் உண்டு. சிதலாகிய கறையான் எறும்பினத்தைச் சார்ந்ததன்று; அது கரப்பான்பூச்சிக்கு உறவானது. எனினும் எறும்பின் வாழ்க்கையில் மணவுணர்வுக்குள்ள முதன்மையை அப்பாகுபாடு விலக்கவில்லை என்பது கருதத்தக்கது. ஆங்கில வழக்கு கறையானை ‘வெள்ளை எறும்பு’ என்று அழைத்துக் குழம்ப, தமிழ் வழக்கு இரண்டிற்கும் தொடக்கத்திலிருந்தே வெவ்வேறு சொற்களைக் கொண்டுள்ளது.

மக்கள் வழக்கு எறும்புகளை நான்கு அடிப்படைகளில் பகுக்கிறது. நிறத்தால் கருவெறும்பு, செவ்வெறும்பு. உருவளவால் சிற்றெறும்பு, கட்டெறும்பு. ஊறு செய்யும் தன்மையால் கடியெறும்பு, சுளுக்கெறும்பு. கடிக்காத இயல்பால் பிள்ளையார் எறும்பு. மரத்தில் இலைகளைப் பின்னிக் கூடுகட்டும் எறும்புக்கு மட்டும் முயிறு, முசிறு, முசுறு எனத் தனிப்பெயர் அமைந்தது. முயிறு என்னும் சொல் சங்கப் பாடல்களிலேயே வழங்குகிறது. வாழிடத்தையும் கூட்டையும் கொண்டு பெயர் பெற்றதால் அச்சொல் ஏறத்தாழ ஒரே சிற்றினத்தைச் சுட்டுகிறது. அது ஓகோஃபில்லா ஸ்மராக்டினா. செவ்வெறும்பு என்னும் பெயரோ நிறத்தை மட்டும் கொண்டது. அதன்கீழ் உறவில்லாத பல பேரினங்கள் அடங்கிவிடுகின்றன.

இவ்வேறுபாடு இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. வாழ்முறையைப் பற்றிய பெயர் இனத்தைப் பிரித்துக் காட்டுகிறது. நிறத்தைப் பற்றிய பெயர் இனங்களை ஒன்றாக்கிவிடுகிறது. மஞ்சள் எறும்பு என்னும் பெயரும் நிறப்பெயரே என்பதால் அதனைக் கொண்டு இனங்காண இயலாது.

இனங்காணும் படிநிலைகள்

எறும்புக் கூட்டில் அரசி, ஆண், பணியெறும்பு என மூவகை உருவங்கள் உண்டு. இங்குத் தரப்படும் படிநிலைகள் பணியெறும்புக்கே உரியன. பத்து முதல் இருபது மடங்கு பெரிதாக்கும் கைவில்லை ஒன்றும் பொறுமையும் இருப்பின் கல்லூரி ஆய்வகத்திலேயே இவற்றைச் செய்து பார்க்கலாம்.

1. இடைக்கணுவின் எண்ணிக்கை: எறும்பின் மார்புக்கும் பின்வயிற்றுக்கும் இடையே மெல்லிய கணு ஒன்றோ இரண்டோ இருக்கும். இரண்டு கணுக்கள் இருப்பின் அது பெரும்பாலும் மிர்மிசினே துணைக்குடும்பத்தைச் சார்ந்தது. வீடுகளிலும் வயல்களிலும் சுருக்கெனக் கொட்டும் சொலெனாப்சிஸ் ஜெமினேட்டா இவ்வகை. நெடுங்கால் மஞ்சள் எறும்புக்குக் கணு ஒன்றே.

2. பின்வயிற்றின் நுனி: நுனியில் கொடுக்கு நீட்டியிருந்தால் அது பொனெரினே முதலிய பிற துணைக்குடும்பங்களைச் சார்ந்தது. கிடைக்கீற்றுப் போன்ற பிளவு இருந்தால் டோலிகோடெரினே. மயிர் சூழ்ந்த வட்டத் துளை இருந்தால் ஃபார்மிசினே. இவ்வட்டத் துளையே அமிலத்துளை. நெடுங்கால் மஞ்சள் எறும்பு இம்மூன்றாம் வகை.

3. உணர்கொம்பின் கணுக்கள்: இதுவே தவறவிடக் கூடாத படி. கட்டெறும்பு அடங்கிய காம்பொனோட்டஸ், முயிறு அடங்கிய ஓகோஃபில்லா, வீட்டுச் சுவர்களில் தாறுமாறாக விரையும் கரிய பாராட்ரெகினா லாங்கிகார்னிஸ் ஆகியவற்றுக்கு உணர்கொம்பில் 12 கணுக்கள். லெபிசியோட்டா, பிளாகியோலெபிஸ், அனோப்லோலெபிஸ் ஆகியவற்றுக்கு 11 கணுக்கள். தலையோடு இணையும் நீண்ட அடித்தண்டையும் ஒரு கணுவாகச் சேர்த்தே எண்ண வேண்டும்.

4. இடைக்கணுவின் மேல்விளிம்பு: 11 கணுக்கள் கொண்டவற்றுள் இடைக்கணுவின் மேல்விளிம்பு இரு முனைகளாகப் பிரிந்தோ முள் கொண்டோ இருப்பது லெபிசியோட்டா. முள்ளின்றித் தடித்து உயர்ந்திருப்பின் அடுத்த படிக்குச் செல்லலாம்.

5. அடித்தண்டின் நீளமும் உருவளவும்: பிளாகியோலெபிஸ் மிகச் சிறியது, அதன் அடித்தண்டு தலையின் பின்விளிம்பைச் சற்றே கடக்கும். அனோப்லோலெபிஸ் கிராசிலிப்பெஸ் 4 முதல் 5 மில்லிமீட்டர் நீளமுடையது. அதன் அடித்தண்டு தலையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மிகுதி. கால்கள் நீண்டு மெலிந்தவை; கண்கள் பெரியவை; மார்பின் முற்பகுதி கழுத்துப்போல் ஒடுங்கியது.

இவ்வைந்து படிகளும் நிறத்தைப் பயன்படுத்தவில்லை என்பது நோக்கத்தக்கது. மஞ்சள் நிறம் இறுதியில் உறுதிப்படுத்தும் துணைச்சான்று மட்டுமே. ஒரே கூட்டின் எறும்புகள் வெளிர்மஞ்சள் முதல் பழுப்பு வரை வேறுபடலாம். பின்வயிறு பெரும்பாலும் கருமை கலந்தது. நிறத்தால் தொடங்குபவர் மண்ணுக்கடியில் வாழும் மஞ்சள் நிற அக்ரோபைகா எறும்பையும் இதனோடு சேர்த்துவிடக்கூடும். அதன் கண்கள் மிக நுண்ணியவை என்பதைக் கண்டாலே அப்பிழை நீங்கும்.

முயிறும் மஞ்சள் எறும்பும்

கொங்கு வட்டாரத்தில் நிகழ வாய்ப்புள்ள பெரும்பிழை முயிற்றை நெடுங்கால் மஞ்சள் எறும்பாகக் கருதுவதே. இரண்டும் நீண்ட கால்களை உடையவை. இரண்டும் அமிலம் பீய்ச்சுபவை. கூட்டமாக மரத்தில் ஏறுபவை. மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் முயிறு இயல்பாக வாழ்கிறது.

வேறுபாடுகள் தெளிவானவை. முயிறு பெரியது, பணியெறும்புகளில் பெரியன, சிறியன என இரு தரம் உண்டு. மற்றதில் பணியெறும்புகள் யாவும் ஏறத்தாழ ஒரே அளவின. முயிற்றின் இடைக்கணு நீண்டு தாழ்ந்தது. மற்றதன் இடைக்கணு உயர்ந்து நிற்பது. முயிறு தாடையால் இறுகக் கவ்விக் கடிக்கும். பின்வயிற்றை மேல்நோக்கி உயர்த்தி நிற்கும். நெடுங்கால் மஞ்சள் எறும்பு கலைக்கப்பட்டால் திசையின்றி விரைந்தோடும். முயிற்றுக்கு மரத்தின்மேல் இலைக்கூடு உண்டு. மற்றது மண்ணிலும் சருகடியிலும் கற்களுக்கிடையிலும் மரப்பொந்திலும் குடியிருக்கும், இலைக்கூடு பின்னாது.

இப்பிழையின் விலை சிறிதன்று. முயிறு தோட்டப்பயிர்களின் இலை தின்னும் புழுக்களையும் வண்டுகளையும் வேட்டையாடுவது. அதனை ஆக்கிரமிப்பு எறும்பெனத் தவறாகக் கருதி மருந்து தெளிக்கும் உழவர், தம் தோட்டத்தின் காவலையே அழித்தவராவார். மாறாக, உண்மையான மஞ்சள் எறும்புப் பெருக்கத்தை முயிறு என்றெண்ணி விட்டுவிட்டால் தொடக்க நிலையிலேயே கவனிக்கும் வாய்ப்பு நழுவும்.

வகைப்பாட்டில் இடம்

நெடுங்கால் மஞ்சள் எறும்பின் வகைப்பாட்டு வரிசை வருமாறு. வரிசை: ஹைமெனாப்டெரா, தேனீக்களும் குளவிகளும் இதனுள் அடங்கும். குடும்பம்: ஃபார்மிசிடே. துணைக்குடும்பம்: ஃபார்மிசினே. இனக்குழு: பிளாகியோலெபிடினி. பேரினம்: அனோப்லோலெபிஸ். சிற்றினம்: கிராசிலிப்பெஸ்.

அனோப்லோலெபிஸ் என்னும் பேரினப்பெயர், ‘படைக்கலமற்ற செதில்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது. செதில் என்பது இங்கு இடைக்கணுவைக் குறிக்கும். முள் கொண்ட இடைக்கணுவையுடைய லெபிசியோட்டா முன்னர் அகாந்தோலெபிஸ், அதாவது ‘முட்செதில்’, என வழங்கியது. எனவே நான்காம் படிநிலையில் கூறப்பட்ட வேறுபாடே பேரினப் பெயர்களிலும் பொதிந்துள்ளது. துனீசியாவில் மருத்துவராக வாழ்ந்த சுவிட்சர்லாந்து நாட்டு எறும்பியலாளர் ஃபீலிக்ஸ் சாண்ட்ஷி 1914-இல் அனோப்லோலெபிஸ் என்னும் பெயரைப் பிளாகியோலெபிஸின் துணைப்பேரினமாக ஏற்படுத்தினார். பின்னர் அது தனிப்பேரினமாயிற்று. இப்பேரினத்தின் ஏனைய சிற்றினங்கள் யாவும் ஆப்பிரிக்காவைச் சார்ந்தவை. கிராசிலிப்பெஸ் ஒன்றே ஆசியாவிலும் பசிபிக், இந்தியப் பெருங்கடல் தீவுகளிலும் விரிந்து பரவியுள்ளது. அதன் தாயகம் ஆப்பிரிக்காவா ஆசியாவா என்னும் நெடுநாள் விவாதத்திற்கு இதுவே காரணம்.

பெயர் வரலாறு: லாங்கிப்பெஸிலிருந்து கிராசிலிப்பெஸ் வரை

சென்னை மாகாணத்தில் மருத்துவ அதிகாரியாகப் பணியாற்றியவர் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன். பறவையியலாளராகவே பெரிதும் அறியப்பட்ட இவர், தென்னிந்திய எறும்புகளின் பட்டியல் ஒன்றை ‘மெட்ராஸ் ஜர்னல் ஆஃப் லிட்டரேச்சர் அண்டு சயன்ஸ்’ என்னும் இதழின் 17-ஆம் தொகுதியில் 1851-இல் வெளியிட்டார். நெடுந்தாடை கொண்டு தாவும் ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர் அறிவியலுக்கு அறிமுகமானது அப்பட்டியலில்தான். அதிலேயே ஃபார்மிகா லாங்கிப்பெஸ் என்னும் பெயரில் ஓர் எறும்பும் விவரிக்கப்பட்டது. ‘நெடுங்கால்’ என்பது லாங்கிப்பெஸின் பொருள்.

ஆறு ஆண்டுகள் கழித்து, ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் சிங்கப்பூரில் திரட்டிய மாதிரிகளை ஆராய்ந்த ஃபிரடெரிக் ஸ்மித், 1857-இல் ஃபார்மிகா கிராசிலிப்பெஸ் என ஓர் எறும்பை விவரித்தார். ‘மெலிந்த கால்’ என்பது இப்பெயரின் பொருள். இரண்டும் ஒரே சிற்றினம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. முந்திய பெயருக்கே முன்னுரிமை என்னும் பொதுவிதிப்படி ஜெர்டனின் பெயர் நிலைத்தது. 1903-இல் பிங்கம் எழுதிய பிரித்தானிய இந்திய விலங்கின வரிசையின் எறும்புத் தொகுதியில் அது பிளாகியோலெபிஸ் லாங்கிப்பெஸ் என இடம்பெற்றது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அனோப்லோலெபிஸ் லாங்கிப்பெஸ் என்று வழங்கியது.

ஆனால் ஃபார்மிகா லாங்கிப்பெஸ் என்னும் பெயரைப் பிரெஞ்சு அறிஞர் லாட்ரெய் 1802-இலேயே வேறோர் எறும்புக்குச் சூட்டியிருந்தார். அவ்வெறும்பு இப்போது ஃபெய்டோலே பேரினத்தில் உள்ளது. ஒரே பேரினப்பெயரோடு ஒரே சிற்றினப்பெயர் இருமுறை சூட்டப்பட்டால் பிந்தியது நிலையாகச் செல்லாதது என்பது விலங்குப் பெயரீட்டு விதி. முந்திய எறும்பு பின்னர் வேறு பேரினத்துக்கு மாற்றப்பட்டாலும் பிந்திய பெயர் உயிர்பெறாது. ஆகவே ஜெர்டனின் பெயர் நீங்கி, அடுத்த தகுதியுடைய பெயராகிய கிராசிலிப்பெஸ் அவ்விடத்தைப் பெற்றது. பாரி போல்டன் 1995-இல் வெளியிட்ட உலக எறும்புப் பட்டியல் இதனை நிலைப்படுத்தியது.

இவ்வரலாற்றினால் இரு பயன்கள் விளைகின்றன. முதலாவது, இவ்வினம் பற்றிய பழைய வேளாண்மை, வனவியல் எழுத்துகளைத் தேடுவோர் இரு பெயர்களிலும் தேட வேண்டும். கிராசிலிப்பெஸ் என்று மட்டும் தேடினால் 1995-க்கு முற்பட்ட பதிவுகளுட் பெரும்பாலானவை கிடைக்காமற் போகும். கிடைக்காமையைக் கொண்டு ‘இவ்வினம் அண்மையில் வந்தது’ என்று பிழைபட முடிவுசெய்ய நேரும். இரண்டாவது, 1851-இல் தென்னிந்திய எறும்பாகவே விவரிக்கப்பட்ட ஓர் இனம் 2022-இல் புதிய விருந்தாளியாக இருத்தல் இயலாது. அதன் தொல்தாயகம் எதுவாயினும், தென்னிந்தியாவில் அதன் இருப்பு 170 ஆண்டுகளுக்குக் குறையாதது.

பெருக்கத்தின் காரணம்

நீண்டநாள் அடங்கியிருந்து பின்னர்ப் பெருகுதல் இவ்வினத்திற்குப் புதிதன்று. இந்தியப் பெருங்கடலில் ஆஸ்திரேலிய ஆட்சியிலுள்ள கிறிஸ்துமஸ் தீவுக்குள் இவ்வெறும்பு இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நுழைந்தது. அங்குப் பல அரசிகளைக் கொண்ட கூடுகள் பகைமையின்றி ஒன்றிணைந்த பெருங்குடியேற்றம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1989-இல்தான். அதன்பின் ஒன்று முதல் ஒன்றரைக் கோடிச் செந்நண்டுகள் எறும்புகளால் மடிந்தன என மதிப்பிடப்பட்டது. எறும்புகளின் பெருக்கத்திற்கு ஊட்டமளித்தது மரங்களின் சாற்றை உறிஞ்சும் செதிற்பூச்சிகள் சுரந்த இனிப்புநீர். எறும்பு செதிற்பூச்சியைக் காத்தது. செதிற்பூச்சி எறும்பை வளர்த்தது. எனவே 2016-இல் அத்தீவில் மலேசியாவிலிருந்து கொணர்ந்த நுண்குளவி ஒன்று விடப்பட்டது. அது எறும்பைத் தாக்குவதன்று. செதிற்பூச்சியை அழித்து எறும்பின் உணவைக் குறைப்பது.

கொங்கு நாட்டில் இதற்கு நெருங்கிய இணையொன்று உண்டு. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2008-இல் கோயம்புத்தூரில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி ஆகிய பயிர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பெரும் சேதமுற்றன. அம்மாவுப்பூச்சி எச்சிற்றினம் என்பது சரியாக அறியப்பட்டதால்தான் அதற்கே உரிய அசெரோஃபேகஸ் பப்பாயே என்னும் ஒட்டுண்ணிக் குளவியைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010-இல் வரவழைக்க இயன்றது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பிற நிறுவனங்களும் அதனைப் பெருக்கி வயல்களில் விட, சேதம் விரைந்து தணிந்தது. தெளித்த மருந்துகள் செய்யாததைச் சரியான பெயர் செய்தது என்று கூறினும் மிகையன்று.

இவ்விரு நிகழ்வுகளும் கரந்தமலைக்கும் கொங்கு மலையடிவாரத்திற்கும் ஒரு பாடத்தைத் தருகின்றன. எறும்புப் பெருக்கம் கண்ட இடத்தில் எறும்பை மட்டும் இனங்காண்பது போதாது. அது நாடிச் செல்லும் மரங்கள், அம்மரங்களிலுள்ள மாவுப்பூச்சி, செதிற்பூச்சி ஆகியவற்றையும் இனங்காண வேண்டும். காட்டு விளிம்பில் பரவலாகத் தெளிக்கப்படும் நஞ்சு, மஞ்சள் எறும்போடு போட்டியிடும் பிற எறும்புகளையும் கொன்றுவிடும். வெற்றிடத்தில் முதலில் மீள்வது விரைந்து பெருகும் இனமே.

சிற்றினம் என்னும் கருத்தாக்கமும் புதிய கண்டுபிடிப்பும்

புறவுறுப்புகளோடு மரபணுச் சான்றையும் சேர்ப்பது இக்கால நடைமுறை. அச்சான்று இவ்வெறும்பில் எதிர்பாராத ஒன்றை வெளிப்படுத்தியது. 2023 ஏப்ரலில் ‘சயன்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வின்படி, இவ்வினத்திற்குள் இரு வேறு மரபுக்கால்வழிகள் உள்ளன. அரசிகள் ஒரே கால்வழியின் இரு தொகுதிகளால் ஆனவை. பணியெறும்புகள் இரு கால்வழிகளின் கலப்பால் பிறப்பவை. ஆண் எறும்புகளின் நிலை வேறு. கருவுற்ற முட்டையில் இரு கால்வழிகளின் உட்கருக்களும் ஒன்றிணையாமல் தனித்தனியே பிளவுறுகின்றன. ஆகவே ஓர் ஆண் எறும்பின் உடலில் இருவகை உயிரணுக்கள் விரவிக் காணப்படுகின்றன. ஆண் எறும்பு கருவுறாத முட்டையிலிருந்து ஒற்றைத் தொகுதியோடு தோன்றும் என்பதே எறும்பினத்தின் பொதுவிதி. அவ்விதிக்கு இது விலக்கு.

வகைப்பாட்டியலாருக்கு இது எழுப்பும் வினா ஆழமானது. இரு கால்வழிகள் இருப்பினும் இரண்டும் சேர்ந்தே ஒரு குடி நிலைபெறுவதால் இதனை ஒரே சிற்றினமாகக் கொள்ளுதல் தகும். மேலும் மைட்டோகாண்டிரியா மரபணுவின் ஒரு சிறு பகுதியைப் பட்டைக்குறியாகக் கொள்ளும் முறை தாய்வழியை மட்டுமே காட்டும். அது சிற்றினத்தை உறுதிப்படுத்த உதவும். இக்கலப்பின் இயல்பை வெளிக்காட்டாது. ஆகவே எத்தனை நுட்பமான கருவி வந்தாலும் உறுப்பமைப்பு, வாழ்முறை, மரபணு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டே முடிவுக்கு வருதல் நெறி.

கொங்கு வட்டாரத்தில் செய்யத்தக்கன

இவ்வாய்வுக்கான நிறுவன வளம் கோவையில் உள்ளது. 2018-இல் திறக்கப்பட்ட பூச்சி அருங்காட்சியகத்தைக் கொண்ட வேளாண்மைப் பல்கலைக்கழகம், 1902-இல் தொடங்கப்பட்ட காஸ் வன அருங்காட்சியகம், ஆனைகட்டியிலுள்ள சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் ஆகியன ஒரே மாவட்டத்தில் அமைந்துள்ளன. கல்லூரி விலங்கியல் துறைகள் செய்யத்தக்க பணி சில உண்டு.

முதலாவது, மாதிரி சேகரிப்பு. ஒரே கூட்டிலிருந்து பல பணியெறும்புகளை எரிசாராயத்தில் இட்டு, இடம், உயரம், நாள், வாழிடம், சேகரித்தவர் ஆகிய விவரங்களைக் கொண்ட சீட்டை அதனுடன் வைத்தல் வேண்டும். சீட்டில்லாத மாதிரி ஆய்வுக்குப் பயன்படாது. காப்புக்காட்டுக்குள் சேகரிக்க வனத்துறையின் இசைவு இன்றியமையாதது. இரண்டாவது, மாதிரியை நிலையான சேகரத்தில் ஒப்படைத்தல். ஜெர்டன் காலத்துப் பெயர்ச்சிக்கல்கள் இன்றும் ஆய்வாளரை அலைக்கழிப்பதற்கு ஒப்பிட்டுப் பார்க்க மாதிரியில்லாமையும் ஒரு காரணமாகும். மூன்றாவது, ஆயர்களின் சொல்லைப் பதிதல். எறும்பு எந்நாளில் மிகுந்தது, எம்மரத்தடியில் மொய்த்தது, கால்நடை எங்குக் கட்டப்பட்டிருந்தது என்பன அவர்கள் மட்டுமே அறிந்தவை.

நான்காவது, தமிழ்ப்பெயர். ஆங்கில வழக்குப் பெயரின் நேர்பெயர்ப்பாகப் ‘பைத்தியக்கார எறும்பு’ எனத் தமிழில் எழுதப்படுவது, கலைக்கப்பட்ட நிலையிலுள்ள ஓட்டத்தை மட்டும் காட்டுகிறது. உறவில்லாத பாராட்ரெகினாவுக்கும் அதுவே பெயராக வழங்குவதால் குழப்பத்தையும் தருகிறது. ஜெர்டன், ஸ்மித் இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே காலின் இயல்பைக் கொண்டு பெயரிட்டனர். அவ்வழியில் ‘நெடுங்கால் மஞ்சள் எறும்பு’ என்னும் பெயரை இக்கட்டுரை முன்வைக்கிறது. அது உறுப்பை முன்னும் நிறத்தைப் பின்னும் சுட்டுவதால் இனங்காணலின் முறைமையோடும் இயைகிறது.

முடிவுரை

நெடுங்கால் மஞ்சள் எறும்பை இனங்காணப் போதுமான உறுப்புச் சான்றுகள் ஒற்றை இடைக்கணு, அமிலத்துளை, 11 கணுக்கள் கொண்ட உணர்கொம்பு, முள்ளற்ற இடைக்கணு, மிக நீண்ட அடித்தண்டு ஆகியனவாம். நிறம் துணைச்சான்றே. அதன் பெயர் வரலாறு தென்னிந்தியாவில் அதன் பழைய இருப்பை உறுதிசெய்வதால், கரந்தமலை நிகழ்வை அயலினத்தின் வருகையாக அன்றி உள்ளிருந்த இனத்தின் பெருக்கமாகக் கருதி ஆராய்தலே பொருத்தம். அப்பெருக்கத்தின் காரணத்தை எறும்பிடம் மட்டுமன்றி அதனை ஊட்டும் சாறுறிஞ்சும் பூச்சிகளிடமும் தேட வேண்டும். முயிற்றை அதனோடு குழப்பாமல் காத்தல் கொங்கு வட்டாரத் தோட்டங்களுக்கு உடனடித் தேவை. மேய்ச்சல் மாட்டின் கண்ணைக் காப்பதற்கும் மாந்தோப்பின் காவலைக் காப்பதற்கும் தொடக்கம் ஒன்றே: எறும்பின் உணர்கொம்பில் எத்தனை கணு என்று எண்ணிப் பார்த்தல்.